கேமரா சென்சாரை வீட்டிலேயே சுத்தம் செய்வது: பினாங்கு ஈரத்துக்கும் தைப்பூசத் தூசிக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் வீட்டு மேசைக்கு நான்கைந்து கேமராக்களாவது வந்துவிடும். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, வானத்துல கறுப்புக் கறுப்பா புள்ளி விழுது." டத்தோ கிராமாட் சாலையில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைபடும்போது லென்ஸ் மாற்றியிருப்பார்கள். தண்ணீர்மலைப் படியில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே இன்னொரு முறை மாற்றியிருப்பார்கள். புள்ளி வந்ததில் வியப்பில்லை. அதை எடுக்கப் போய் என்ன செய்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் பகுதி, அதைச் சுத்தம் செய்வது கடினமான வேலை இல்லை. வரிசை மாறினால்தான் ஆபத்து. முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் ஊத வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால்தான் துடைக்க வேண்டும். என்னிடம் கீறலோடும் கறையோடும் வந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றை நேரே ஈரத் துணியோடு தொடங்கியிருந்தார்கள்.

1. புள்ளி எங்கே இருக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கறுப்புப் புள்ளி எல்லாம் சென்சார் தூசி ஆகாது. லென்ஸை மாற்றிப் பாருங்கள். வேறு லென்ஸிலும் படத்தின் அதே இடத்தில் புள்ளி நின்றால் அது சென்சாரில் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தூசியைப் பார்த்துப் பதறுவார்கள். வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் தெரியவில்லை என்றால், அது மேலே உள்ள ஃபோக்கஸ் திரையில் கிடக்கும் தூசி. படத்தை அது ஒன்றும் செய்யாது. சிவப்பாகவோ பச்சையாகவோ மின்னும் சின்னப் புள்ளி, கெட்டுப்போன பிக்சல். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது.

நாம் சுத்தம் செய்யப்போவது சென்சாரின் மேலே உள்ள கண்ணாடி வடிகட்டியை. தூசி இந்தக் கண்ணாடியில்தான் உட்காரும், உள்ளே இருக்கும் சென்சாரை நம் கை தொடவே தொடாது. அதனால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு உண்டு, அதில் கீறல் விழுந்தால் வடிகட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

2. சோதனைப் படம் எடுங்கள்

அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முன்னுரிமை நிலையில் எஃப் 16 அல்லது எஃப் 22 வையுங்கள். ஐஎஸ்ஓ 100. வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். ஃபோக்கஸைக் கைமுறைக்கு மாற்றி, வேண்டுமென்றே தப்பாக வையுங்கள்: வானத்தை எடுத்தால் மிக அருகில், மடிக்கணினியின் வெள்ளைத் திரையை எடுத்தால் முடிவிலியில். உலுக்கல் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமராவை மெதுவாக அசைத்துக்கொண்டே எடுங்கள்.

அசைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேகமும் சுவரின் சொரசொரப்பும் கலைந்து ஒரே வெள்ளையாகிவிடும். தூசியோ கேமராவோடு சேர்ந்தே அசைவதால் அப்படியே நிற்கும். எஃப் 16 ஏன் என்றால், துளை சின்னதாகும்போது ஒளி குறுகலாக வந்து விழுகிறது, தூசியின் நிழல் கூர்மையாகிறது. எஃப் 2.8-இல் அதே தூசி மங்கிக் கரைந்துபோகும். ஆண்டு முழுக்க கல்யாணத்தில் திறந்த அப்பர்ச்சரில் எடுத்துவிட்டு, கொடிமலையில் ஒருநாள் எஃப் 16-இல் எடுத்தவுடன் "திடீர்னு தூசி வந்துருச்சு" என்பார்கள். அது பல மாதங்களாக அங்கேதான் இருந்திருக்கும்.

படத்தைக் கணினியில் முழு அளவில் பார்த்து, கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். புள்ளிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் குழம்புகிறார்கள்: கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் வழியாக உள்ளே பார்க்கும்போது மேல் கீழ் மட்டும்தான் மாறும். படத்தில் இடது மேல் மூலையில் தெரியும் புள்ளி, நீங்கள் பார்க்கும் கண்ணாடியில் இடது கீழ் மூலையில் இருக்கும்.

புள்ளியின் வடிவத்தையும் கவனியுங்கள். நூல் போல வளைந்திருந்தால் பஞ்சு அல்லது தேங்காய் நார், ஊதினால் போய்விடும். ஓரம் வெளிறி வட்டமாக இருந்தால் காய்ந்த துளி. தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் லென்ஸைக் கழற்றியவர்களின் கேமராவில் இதைப் பார்த்திருக்கிறேன். இளநீரில் சர்க்கரை இருப்பதால் காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் அசையாது.

3. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

நல்ல ரப்பர் புளோவர் (கையால் அழுத்திக் காற்று ஊதும் குமிழ்) ஒன்று, பெரியதாக. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னதில் காற்று போதாது. புதிதாக வாங்கியிருந்தால் வெற்றுவெளியில் இருபது முறை அழுத்துங்கள், உள்ளே ரப்பர் தூள் இருக்கலாம்.

உறையில் அடைத்து வரும் சென்சார் ஸ்வாப் (நுனியில் துணி சுற்றிய தட்டைக் குச்சி), உங்கள் சென்சார் அளவுக்கு ஏற்றது. முழுச்சட்ட சென்சார் 36 க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாப். அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், அதற்கு 16 மில்லிமீட்டர் ஸ்வாப். "சின்னதா இருந்தா பாதுகாப்பு" என்று நினைத்து முழுச்சட்டத்துக்குச் சின்ன ஸ்வாப் வாங்குகிறார்கள். அப்போது இரண்டு மூன்று வரிசையாகத் துடைக்க வேண்டிவரும், வரிசைகள் சேரும் இடத்தில் கோடு நிற்கும்.

சென்சாருக்கென்றே விற்கும் திரவம். லென்ஸ் துடைக்கும் திரவம், மூக்குக்கண்ணாடித் திரவம், ஒடிகொலோன் எதுவும் வேண்டாம். அவற்றில் உள்ள சோப்பும் வாசனைப் பொருளும் படலமாகத் தங்கிவிடும். சென்சார் திரவங்கள் பலவற்றில் மெத்தனால் உண்டு. அது நஞ்சு, தீயும் பிடிக்கும். சாமி மேசையில் விளக்கு எரியும் அறையில் திறக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இவற்றோடு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, தலையில் மாட்டும் விளக்கு, முடிந்தால் விளக்கு வைத்த உருப்பெருக்கி.

அழுத்தக் காற்று அடைத்த டின்னைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கொஞ்சம் சாய்த்தாலும் உள்ளிருக்கும் வாயு திரவமாகவே வந்து விழுந்து கண்ணாடியில் கறையாகும். வாயால் ஊதுவதும் வேண்டாம். எச்சில் துளி கண்ணுக்குத் தெரியாது, காய்ந்த பிறகு எஃப் 16-இல் தெரியும்.

4. அறையைத் தயார் செய்யுங்கள்

நம் வீடுகளில் காற்றாடி நிற்பதே இல்லை. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. காற்றாடி இறக்கையில் படிந்திருப்பது நேரே திறந்த கேமராவுக்குள்தான் விழும்.

ஏர்கோன் இருந்தால் கதவைச் சாத்தி அரைமணி நேரம் ஓடவிட்டு, வேலை தொடங்கும்போது அணைத்துவிடுங்கள். அறையின் ஈரம் குறையும், தூசி அடங்கும். கேமராவும் அந்த அரைமணி நேரம் அதே அறையில், லென்ஸ் மாட்டியபடியே இருக்கட்டும். குளிர்ந்த கேமராவை வெளி வராந்தாவில் திறந்தால் கண்ணாடியில் பனி பூக்கும், அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

ஏர்கோன் இல்லையா? சமையலறை மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காற்று அடிக்காத நேரத்தில் செய்யலாம். மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் உட்கார வேண்டாம். பஞ்சு உதிராத சட்டை போடுங்கள். நெற்றியில் திருநீறு இருந்தால் துடைத்துவிட்டு உட்காருங்கள். குனிந்து பார்க்கும்போது அது எங்கே உதிரும் என்று யோசித்தால் புரியும்.

5. வெளிப்பக்கத்தை முதலில் முடியுங்கள்

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. கேமராவைத் திறக்கும் முன் அதன் உடலையும் லென்ஸ் சேரும் விளிம்பையும் உலர்ந்த துணியால் துடைத்து ஊதுங்கள். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி, பின்மூடி, கேமரா மூடி மூன்றையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பின்மூடியின் உள்மூலையைப் பாருங்கள், பையில் கிடந்த தூசி முழுக்க அங்கேதான் சேர்ந்திருக்கும். அதைவிட்டு சென்சாரை மட்டும் பளபளப்பாக்கினால், லென்ஸை மாட்டியதும் தூசி மறுபடி உள்ளே போய்விடும்.

6. கேமராவைச் சுத்தம் செய்யும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் கைமுறைச் சுத்தத்துக்கான தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் உள்கண்ணாடி மேலே போய், ஷட்டர் திறந்து நிற்கும். பேட்டரி குறைவாக இருந்தால் பல கேமராக்களில் அந்தத் தேர்வே மங்கிக் கிடக்கும், அது உங்கள் நன்மைக்குத்தான். ஸ்வாப் உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனால் ஷட்டர் தகடு ஸ்வாப்பின் மேல் மூடும். தாளைப் போல மெல்லிய தகடு அது, வளைந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பல்ப் நிலையில் ஷட்டரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருபோதும் வேண்டாம். விரல் நழுவினால் போச்சு. தவிர, அப்போது சென்சார் இயங்கிக்கொண்டே இருக்கும்.

உள்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் மின்சாரத்தை அணைத்தாலும் ஷட்டர் திறந்தே இருக்கும். சிலவற்றில் அணைத்ததும் மூடிக்கொள்ளும், சுத்தம் செய்யும் தேர்வைப் போட்டால்தான் திறக்கும். சோனியில் சுத்தத் தேர்வைப் போட்டால் சென்சார் ஒருமுறை அதிர்ந்து, பிறகு அணைக்கச் சொல்லும். உங்கள் கேமராவின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே பளபளக்கும் கண்ணாடிக்குப் பதில் கறுப்புத் தகடு தெரிந்தால், எதையும் தொடாமல் மூடுங்கள்.

7. ஊதுங்கள்

கேமராவின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். முடிந்தால் முக்காலியில் கவிழ்த்து மாட்டுங்கள், இரண்டு கையும் ஓய்வாகும். புளோவர் முனை மவுண்ட் விளிம்பைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அழுத்தும்போது கை முன்னே தாவும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். முனை உள்ளே இருந்தால் கண்ணாடியில் குத்திவிடும்.

முதலில் சுற்றுப்புறத்தை, அதாவது சென்சார் இருக்கும் குழியின் சுவர்களை ஊதுங்கள். அங்கே கிடப்பது முதலில் விழட்டும். அப்புறம் கண்ணாடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வாக ஊதுங்கள். பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொன்றும் வலுவாக. பத்து நொடி அப்படியே கவிழ்த்து வைத்திருங்கள், மிதக்கும் தூசி கீழே இறங்க நேரம் வேண்டும். அப்புறம் லென்ஸை மாட்டுங்கள்.

இந்தப் படியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சாம்பல் போட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்த்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சாம்பல் எப்படித் தேய்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருநீறும் சாம்பல்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேமரா கொண்டுவந்தார். ஊதாமலே ஈர ஸ்வாப்பை ஓட்டியிருக்கிறார். உருப்பெருக்கியில் பார்த்தேன்: இடது ஓரத்தில் தொடங்கிய முடி போன்ற ஒரு கோடு, கை வளைந்த பக்கமே வளைந்து, வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் நின்றது. கோட்டின் முடிவில் சாம்பல் நிறத்தில் ஒரு துகள். "ஒரே ஒரு தடவைதாண்ணே துடைச்சேன்" என்றார். உண்மைதான், ஒரு தடவை போதும்.

8. மறுபடி சோதனைப் படம்

இரண்டாம் படியில் செய்ததையே அப்படியே செய்யுங்கள், தாளில் குறித்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான நேரம் முக்கால்வாசி போயிருக்கும். மீந்தவை சில இடம் மாறியிருந்தால் அவை ஒட்டாத தூசி, இன்னொரு சுற்று ஊதுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் அதே இடத்தில் அசையாமல் நிற்பவைதான் ஈரத் துடைப்புக்கு உரியவை. மீந்தது ஓரத்தில் ஒன்றிரண்டு என்றால், இங்கேயே நிறுத்துங்கள்.

9. ஈரத் துடைப்பு

கேமராவை மேசையில் மல்லாக்க வையுங்கள். லென்ஸைக் கழற்றும் முன்பே ஸ்வாப், திரவம், விளக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். திறந்து வைத்துவிட்டு உறையைக் கிழிக்கத் தேடக் கூடாது. கடைசியாக ஒருமுறை ஊதிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

ஸ்வாப்பின் நுனி விளிம்பில் இரண்டு துளி திரவம் விடுங்கள், முழுச்சட்டத்துக்கு மூன்று. அது துணியில் ஊற ஐந்து நொடி பொறுங்கள். இங்கேதான் கை தாராளமாகிவிடுகிறது. ஸ்வாப் ஈரமாக இருந்தால் போதும், சொட்டினால் திரவம் கண்ணாடியின் ஓரத்தில் இறங்கி, அங்கே உள்ள அழுக்கைக் கரைத்து நடுவுக்கு இழுத்துவரும்.

ஸ்வாப்பை ஒரு ஓரத்தில் வைத்து, போகும் திசைக்குச் சற்றுச் சாய்த்து, ஒரே ஓட்டமாக மறு ஓரம் வரை இழுங்கள். மை பேனாவால் எழுதும் அழுத்தம் போதும். மூன்று நொடியில் முடியும் வேகம். நடுவில் நிற்கக் கூடாது, நின்ற இடத்தில் கோடு விழும். மறு ஓரத்தில் ஸ்வாப்பைத் தூக்கித் திருப்பி, தொடாத மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஒரே ஓட்டம். முடிந்தது. அந்த ஸ்வாப் குப்பைக்கு.

"இன்னும் சுத்தமாத்தானே இருக்கு" என்று அதே ஸ்வாப்பை மூன்றாம் முறை ஓட்டுவது அடிக்கடி பார்க்கும் தவறு. முதல் ஓட்டத்தில் அது எடுத்த மணல் இப்போது துணியில் இருக்கிறது. ஸ்வாப் விலை சில வெள்ளிதான், வடிகட்டி மாற்றும் செலவு நூற்றுக்கணக்கில் போகும்.

உடலுக்குள் உலுக்கல் தடுப்பு உள்ள கேமராவில் சென்சார் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்காது, மிதப்பது போல அசையும். ஸ்வாப் பட்டதும் அது லேசாக நகர்ந்தால் பயப்படாதீர்கள், விரலால் பிடித்து நிறுத்தவும் முயலாதீர்கள். அழுத்தத்தைக் குறையுங்கள்.

டிஎஸ்எல்ஆரின் உள்கண்ணாடியையும் ஃபோக்கஸ் திரையையும் ஸ்வாப்பால் தொடவே கூடாது. உள்கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் ஒரு துடைப்பில் கறைபடும்.

10. கோடும் கறையும் வந்தால்

துடைத்த பிறகு சோதனைப் படத்தில் மழைக்கோடு மாதிரி தெரிந்தால் திரவம் அதிகம் என்று பொருள். புதிய ஸ்வாப், ஒரே ஒரு துளி, அதே முறை. நம் ஊர் ஈரத்தில் காய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அதனால் துடைத்த உடனே படம் எடுத்துப் பதறாமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

மூலையில் முன்பில்லாத புள்ளிக் கூட்டம் வந்திருந்தால், ஸ்வாப் கண்ணாடியைத் தாண்டிச் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் ஓரத்துக்கு அரை மில்லிமீட்டர் முன்பே நில்லுங்கள்.

கறுப்பாக உருண்டு, துடைத்தால் வழிந்து பரவும் புள்ளி, ஷட்டர் பொறியிலிருந்து தெறித்த எண்ணெய். ஈர ஸ்வாப்பில் போகும், ஆனால் இரண்டு மூன்று தேவைப்படும். சில வாரத்தில் அது திரும்பத் திரும்ப வந்தால், உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கேமராவைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

11. எங்கே நிறுத்த வேண்டும்

என் கணக்கு மூன்று ஸ்வாப். மூன்றிலும் போகாத கறை என் கைக்கு உரியதில்லை. சிலந்திவலை மாதிரி கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சணம், அதை முதல் ஸ்வாப்புக்கு முன்பே பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். கீறலும் அப்படித்தான்.

எஃப் 22-இல் மட்டும் தெரியும் ஒன்றிரண்டு புள்ளிகளை நான் விட்டுவிடுகிறேன். கல்யாணமும் கோயில் திருவிழாவும் எடுப்பவர் எஃப் 4-க்கும் எஃப் 8-க்கும் நடுவில்தான் வேலை செய்வார். வானப் படம் ஒன்றிரண்டில் தெரிந்தால் கணினியில் ஒரு சொடுக்கில் அழிக்கலாம். கடைசிப் புள்ளியையும் விரட்டப் போய்த்தான் நல்ல கண்ணாடியில் கோடு போடுகிறார்கள்.

12. அடுத்த ரதத்துக்கு முன்னால்

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் கீழே பார்க்கப் பிடியுங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வையுங்கள், திறந்திருக்கும் நேரம் ஐந்து நொடிக்குள் அடங்கும். தேங்காய் உடைக்கும் இடத்திலும் காவடிக் கூட்டத்திலும் மாற்றவே வேண்டாம். இரண்டு கேமரா உள்ளவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பலாம். ஒன்றே ஒன்று இருந்தால் ஜூம் லென்ஸோடு போங்கள்.

வீடு திரும்பியதும் பையைத் தலைகீழாகத் தட்டி, ஈரத்துணியால் உள்ளே துடைத்துக் காயவையுங்கள். கேமராவை ட்ரை கேபினெட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் வையுங்கள். கேபினெட் இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்ற மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த டப்பா மூடியில் ஜெல் மாற்றிய தேதியைப் பென்சிலால் எழுதி வைக்கிறோம்.